என் வீட்ல ஓடுது, ஆன்ட்டி வீட்ல ஓடல: ஹைட்ரோபோனிக்ஸ் சத்துக் கரைசலை நாமே தயாரிப்பது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

ஹைட்ரோபோனிக்ஸ் பத்திப் பேசினாலே எனக்கு வர்ற கேள்வி ஒண்ணுதான்: "பாட்டில்ல விக்கிற நியூட்ரியன்ட் கரைசலை நாமளே வீட்ல செய்ய முடியாதா?" முடியும். இன்னிக்கு கிராம் கணக்கோட சொல்றேன். கூடவே, இதே ரெசிபியைக் கொடுத்து எங்க அபார்ட்மென்ட் நாலாவது மாடி ஆன்ட்டியோட புதினாவை நான் எப்படிக் காலி பண்ணேன்னும் சொல்றேன். ரெசிபியை விட அந்தக் கதைதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு?

ரகசியம் எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஹோக்லாண்ட், ஆர்னன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1938-லேயே தங்கள் கரைசலின் முழு ஃபார்முலாவையும் வெளியிட்டுவிட்டார்கள். நம்ம பாஷையில சொன்னா, ஓப்பன் சோர்ஸ். இன்னிக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துற பல ரெசிபிகள் அதோட ஃபோர்க்தான்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. உரக்கடையில் 19-19-19 சுலபமாகக் கிடைக்கும். தண்ணியில் நல்லா கரையும். நானும் அதைத்தான் முதல்ல வாங்கினேன். ஆனா அதில் இருக்கும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் யூரியாவை உடைச்சுக் கொடுக்க பாக்டீரியா ஏராளமா இருக்கும். நம்ம பிளாஸ்டிக் டப்பாவில் அந்த வேலைக்குப் போதுமான ஆள் இல்லை. அதோட கால்சியமும் அதில் கிடையாது. அதனால தனித்தனி உப்புகளாக வாங்குறதுதான் சரி.

ரெசிபி

இது கீரை, லெட்டூஸ், புதினா மாதிரி இலைப் பயிர்களுக்கு. இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள் வேணும்.

ஏ பாட்டில்: கால்சியம் நைட்ரேட் (உர கிரேடு) 80 கிராம், 12 சதவீத அயர்ன் இடிடிஏ 1.7 கிராம்.

பி பாட்டில்: பொட்டாசியம் நைட்ரேட் (13-0-45) 30 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0-52-34) 20 கிராம், எப்சம் சால்ட் 40 கிராம். கூடவே மைக்ரோ நியூட்ரியன்ட் மிக்ஸ், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி.

ஒவ்வொன்றிலும் முதலில் 800 மில்லி தண்ணீர் எடுத்து உப்புகளைக் கரைத்து, பிறகு ஒரு லிட்டராக நிரப்புங்கள். பி பாட்டில் கரையும்போது தொட்டுப் பார்த்தா ஜில்லுனு இருக்கும். பயப்படாதீங்க, பொட்டாசியம் நைட்ரேட் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கும், அவ்வளவுதான்.

செடிக்கு ஊத்தும்போது, ஒரு லிட்டர் தண்ணிக்கு ஏ 10 மில்லி, பி 10 மில்லி. ஏ-வை ஊத்தி நல்லா கலக்கின பிறகுதான் பி.

ஏன் இரண்டு பாட்டில்? கால்சியம், அடர்த்தியான நிலையில் சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் சந்திச்சா, கரையாத வெள்ளைப் படிவமாக அடியில் உட்காந்துடும். நான் ஒருமுறை சோம்பேறித்தனத்தில் எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல போட்டேன். மோர் மாதிரி ஆயிடுச்சு. அடியில் தங்கினது செடிக்குப் போக வேண்டிய சாப்பாடு. நிறைய தண்ணியில் நீர்த்த பிறகு சேர்ந்தா இந்தப் பிரச்சினை வராது.

ஏன் மைக்ரோவை மட்டும் ரெடிமேடா வாங்கச் சொல்றேன்? போரானை எடுத்துக்கோங்க. இந்த பி பாட்டிலுக்குத் தேவையான போரிக் ஆசிட் சுமார் 0.29 கிராம். கிச்சன் தராசு ஒண்ணு பூஜ்யம்னு காட்டும், இல்ல 1 கிராம்னு காட்டும். 1 கிராம் போட்டா மூன்றரை மடங்கு. போரான் குறைஞ்சாலும் செடிக்கு ஆகாது, கூடினா விஷம். மிக்ஸ் வாங்கினாலும், 0.01 கிராம் காட்டுற நகைத் தராசு ஒண்ணு வாங்கிடுங்க.

நாலாவது மாடி புதினா

இப்போ கதைக்கு வர்றேன். என் பால்கனியில் பாலக்கும் லெட்டூஸும் பிரமாதமா வந்தது. ஃபோட்டோவை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். நாலாவது மாடி ஆன்ட்டி, "தம்பி, எனக்கும் சொல்லிக்கொடுப்பா"ன்னு கேட்டாங்க. கும்பகோணம் பக்கம் கொல்லையோட இருந்த வீட்டை விட்டு, மகனோட இருக்க சென்னைக்கு வந்தவங்க. எனக்கு ஒரே பெருமை. ரெசிபியை டைப் பண்ணி அனுப்பிட்டு, ஆளுக்கு ஒரு பாட்டிலும் கலந்து கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் ஒரு ஃபோட்டோ வந்தது. புதினாவோட புது இலை எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். ஒழுங்காப் பார்க்காம, "சத்து பத்தல ஆன்ட்டி, லிட்டருக்கு இன்னும் அஞ்சஞ்சு மில்லி சேருங்க"ன்னு அனுப்பிட்டேன். ஒரு வாரம் கழிச்சு இலை ஓரமெல்லாம் கருகிடுச்சு.

அன்னிக்கு சாயங்காலம் மீட்டரை எடுத்துக்கிட்டு நேர்ல போனேன். கரைசலோட இசி 3.6 மில்லிசீமன்ஸ். புதினாவுக்கு அதில் பாதியே தாராளம். பிஎச் 7.8. இருக்க வேண்டியது 5.5-லிருந்து 6.5. குழாயைத் திறந்து வெறும் தண்ணியை அளந்தேன். எதுவும் கலக்காமலே 1.1!

விஷயம் இதுதான். நான் ஊத்தினது ஆர்ஓ தண்ணி. ஆன்ட்டி ஊத்தினது போர் தண்ணி. அவங்க வீட்லயும் ஆர்ஓ இருக்கு. "குடிக்கிற தண்ணியைப் போய் செடிக்கு வீணாக்குவாங்களா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆர்ஓ தண்ணின்னு என் ரெசிபியில நான் எழுதவே இல்லையே.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா பெரும்பாலும் இரும்புச்சத்துப் பிரச்சினை. செடியால் பழைய இலையிலிருந்து இரும்பை எடுத்துப் புது இலைக்கு அனுப்ப முடியாது. அதனால புதுசுதான் முதல்ல அடிவாங்கும். மக்னீசியமோ நைட்ரஜனோ குறைஞ்சா பழைய இலை முதல்ல வெளுக்கும். அந்த ஃபோட்டோவிலேயே பதில் இருந்தது. டப்பாவில் இரும்பு இருந்தது. ஆனா பிஎச் ஏறினதால் இடிடிஏ-வால் அதைப் பிடிச்சு வைக்க முடியல. செடிக்கும் எடுக்க முடியல. அதுக்கு மேல நான் உப்பைக் கொட்டச் சொல்லியிருக்கேன்.

இதெல்லாம் அளந்துட்டு இருக்கும்போது ஆன்ட்டி மெதுவா சொன்னாங்க: "ஊர்ல நான் குச்சியை நட்டாலே துளிர்க்கும்பா. இங்க வந்து கைராசி போயிடுச்சு போலன்னு நெனச்சேன்."

எனக்கு அங்கேயே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாம எழுதுற கோடுல பக் வந்தா, டெஸ்டர் கேட்கும்போது "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சிரிச்சுட்டுப் போயிடுவோம். இங்க பக் என்னோடது. மூணு வாரமா அவங்க குறை சொல்லிக்கிட்டது தன்னோட கையை.

எப்படிச் சரி செஞ்சோம்

பழைய கரைசலை எடுத்து, நிறைய தண்ணி சேர்த்துத் தொட்டிச் செடிகளுக்கு ஊத்தினோம். புதுசா மூணு பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு போர் தண்ணி. வெறும் தண்ணியோட இசி 0.3 வந்தது. அதனால லிட்டருக்கு 10 மில்லிக்குப் பதிலா 8 மில்லி. மொத்தம் 1.6-ல நின்னது. பிஎச் டவுன் சில சொட்டு விட்டு 6-க்குக் கொண்டு வந்தோம். புதினாவை அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினோம். பத்து நாள்ல வந்த துளிர் பச்சையா இருந்தது.

நீங்க செய்யும்போது இந்த வரிசையை மாத்தாதீங்க. முதல்ல வெறும் தண்ணியை அளங்க. அப்புறம் ஏ, கலக்கல், பி. அப்புறம் இசி. கடைசியா பிஎச். மீட்டரில் பிபிஎம் பார்த்து அடுத்தவங்களோட ஒப்பிடாதீங்க. அதே 1.0 இசியை ஒரு மீட்டர் 500-னும் இன்னொண்ணு 700-னும் காட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுசா மாத்திடுங்க. பாட்டில்ல பெரிய எழுத்துல பேர் எழுதுங்க. கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம், வீட்ல குழந்தைங்க இருப்பாங்க. பொட்டாசியம் நைட்ரேட்டை அடுப்புப் பக்கம் வைக்காதீங்க. ஆசிட் கைல படாம கையுறை போட்டுக்கோங்க.

யாராவது உங்ககிட்ட ரெசிபி கேட்டா, கிராம் கணக்கை அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "உங்க வீட்ல என்ன தண்ணி?"

போன ஞாயித்துக்கிழமை கதவைத் திறந்தா, ஆன்ட்டி ஒரு கிண்ணத்தோட நின்னாங்க. புதினா துவையல். "கை இருக்குப்பா, தண்ணிதான் சரியில்ல"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.