கட்டளை எட்டாத தூரம்





றொசல்ல புகையிரத நிலையத்தில் பிள்ளையைக் கொழும்புக்கு வழியனுப்பிவிட்டு, வண்டி மறையும்வரை நீங்கள் நின்றதுண்டா? அந்த மனநிலையோடு இச்செய்தியைக் கேளுங்கள்.

2021 ஏப்ரல் 19ஆம் திகதி, 1.8 கிலோ கிராம் நிறையுள்ள 'இன்ஜெனுயிட்டி' என்ற நாசாவின் சிறு ஹெலிகொப்டர் செவ்வாய்க் கிரகத்தில் 39 வினாடிகள் பறந்தது. அதன் தலைமைப் பொறியியலாளர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற பொப் பாலராம். செவ்வாயின் வளி, பூமியின் வளியோடு ஒப்பிடுகையில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்தியே கொண்டது. ஆகவே அதன் சுழலிகள் நிமிடத்துக்கு 2,400 தடவைக்கு மேல் சுழன்றன.

பூமியிலிருந்து செல்லும் கட்டளை அங்கு சேரப் பல நிமிடங்களாகும். பறக்கும் வேளையில் "கவனம்! திரும்பு!" என்று எவராலும் கூற இயலாது. கூறவேண்டியவை யாவும் முன்னரே கூறப்பட்டிருந்தன. கீழுள்ள நிலத்தைக் கமெராவால் பார்த்து அது தானே வழியறிந்தது. ஐந்து பறப்புகளுக்கெனத் திட்டமிடப்பட்ட அது 72 தடவைகள் பறந்தது. 2024 ஜனவரி 18ஆம் திகதி, அடையாளங்கள் அரிதான மணற்பரப்பின் மேல் பறந்து இறங்குகையில் சுழலி முறிந்தது, பணியும் முடிந்தது.

பெற்றோர்களே! பிள்ளை தடுமாறும் கணத்தில் உங்கள் தொலைபேசி அழைப்பு பிந்திவிடலாம். கடனையும் தீய நட்பையும் மறுக்கும் துணிவை வீட்டிலேயே பழக்குங்கள்.

இளைஞர்களே! புதிய ஊரில் நல்ல நண்பன், அறிமுகமான பள்ளிவாசல், வீட்டாரின் குரல் ஆகியனவே உங்கள் நிலத்தின் அடையாளங்கள். அவற்றைப் பார்வையிலிருந்து தவறவிடாதீர்கள்.