கை பழகும் கருவிகள்



செவிலியர் கல்வியில் பயிற்றுத் தொழில்நுட்பம் என்ற தலைப்பில் சென்னையில் கூடுவார்கள், வேலூரில் கூடுவார்கள். நாமோ குடியாத்தத்தில் கூடியிருக்கிறோம். இடம் பொருத்தமானது என்று சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று பழைய வரலாறு. 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய ஐடா ஸ்கடர், நோயாளி தம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வேலூரிலிருந்து குடியாத்தம் வரும் சாலையில் ஊருக்கு ஊர் மரத்தடியில் பெஜோ காரை நிறுத்திப் புண்ணுக்குக் கட்டுப் போட்டார், மருந்து கொடுத்தார். 1909இல் அவர் தொடங்கிய செவிலியர் பயிற்சிப் பள்ளி 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியானது. அதே ஆண்டு டெல்லியிலும் ஒன்று தொடங்கியது. இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்புக்கு இவ்விரண்டுமே முன்னோடிகள். ஆக, நாம் பேசப்போகும் கல்வியின் வேர் இந்தச் சாலையிலும் ஓடுகிறது.

இரண்டாவது காரணம் இந்த ஊரின் தொழில். அதைச் சொல்லக் கொஞ்சம் பிரான்ஸுக்குப் போய்வர வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஆஞ்செலிக் து கூத்ரே என்றொரு மருத்துவச்சி இருந்தார். கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுத் தரும்படி 1759இல் மன்னர் பதினைந்தாம் லூயி அவருக்கு ஆணை வழங்கினார். அவரிடம் கற்க வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகம் அவர்களுக்கு எதற்கு? துணியும் தோலும் பஞ்சும் கொண்டு ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியை முழு அளவில் தைத்தார். உள்ளே ஒரு குழந்தைப் பொம்மை, அதற்குத் தொப்புள்கொடி. தலை திரும்பி வந்தால் என்ன செய்வது, கால் முதலில் வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் அந்தப் பெண்கள் கையை உள்ளே விட்டுப் பழகினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொம்மையோடு ஊர் ஊராகச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்களைப் பயிற்றினார் அவர். பொம்மைகளில் ஒன்று இன்றும் ரூவான் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

துணியும் தோலும்! குடியாத்தத்தில் கைலித் தறி ஓடுகிறது. பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிறார்கள். ஆம்பூரில் அதை வெட்டித் தைத்து ஷூவாக்கிக் கடல் கடந்து அனுப்புகிறார்கள். து கூத்ரே இங்கே பிறந்திருந்தால் கச்சாப்பொருளுக்கு அலைந்திருக்க மாட்டார்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்கு ஆளுயரப் பயிற்சிப் பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது. 'மிசஸ் சேஸ்' என்று அழைக்கப்பட்ட அதைச் செய்தவர் மார்த்தா சேஸ், குழந்தைகளுக்குப் பொம்மை செய்துவந்தவர். உயிர்காக்கும் முதலுதவி வகுப்புகளில் நாம் நெஞ்சை அழுத்திப் பழகும் 'ரெசஸி ஆன்' 1960இல் வந்தது. அதைச் செய்த நார்வேக்காரர் ஆஸ்முண்டு லேர்டால் விளையாட்டுப் பொம்மை உற்பத்தியாளர். நம் துறையின் பெருங்கருவிகளைச் செய்தவர்கள் கைத்தொழில் அறிந்தவர்கள். மருத்துவம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கே இன்னும் கொஞ்சம் இறுக்கம் வேண்டும்" என்று சொன்னார். அவர்கள் செய்து கொடுத்தார்கள்.

நம் கல்லூரிகளில் நடப்பது என்ன? பல லட்சம் ரூபாய்க்கு ஒரு மேனிகின் பொம்மை வாங்குகிறோம். ஆய்வுக் குழு வரும் நாளில் உறை கழற்றி, போனதும் மாட்டிவிடுகிறோம். கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டிய அறைக்குள் அது பத்திரமாக இருக்கிறது. மாணவியோ முதல் ஊசியை ஆரஞ்சுப் பழத்தில் போட்டுவிட்டு, இரண்டாவதை நோயாளியின் கையில் போடுகிறாள். இதைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானும் ஆரஞ்சுப் பழத் தலைமுறைதான்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. ஐம்பது பேர் தொடப் பயப்படும் ஒரு கருவியைவிட, ஒருவருக்கு ஒன்றாகக் கையில் கொடுத்துக் கிழியக் கிழியப் பழகச் சொல்லும் ஐம்பது கருவிகள் மேல். தையல் போட்டுப் பழகும் திண்டை இங்கேயே செய்யலாம். ஷூவின் மேல்தோல் அதற்கு ஆகாது, ஊசி வளையும். உள்ளே வைத்துத் தைக்கும் மெல்லிய ஆட்டுத்தோலின் வெட்டுத் துண்டை எடுத்து, அடியில் ஸ்பாஞ்சு வைத்தால் தோலுக்கும் கொழுப்புக்கும் உள்ள வேறுபாடு விரலுக்குத் தெரியும். ரத்தக்குழாயில் கேனுலா ஏற்றிப் பழக ரப்பர்க் குழாயும் நிறமூட்டிய தண்ணீரும் சேர வேண்டும், தோல் மட்டும் போதாது. பிரசவப் பயிற்சிக்கு ஆசிரியரே வயிற்றில் கட்டிக்கொள்ளும் பை மாதிரியான கருவியை லேர்டால் நிறுவனம் 'மாமா நேட்டலி' என்ற பெயரில் விற்கிறது. கட்டிக்கொண்டவர் வலியில் கத்தலாம், மாணவியின் கையைப் பிடித்து இழுக்கலாம், ரத்தப் போக்கைத் திறந்துவிடலாம். அதே கருத்தில் நமக்கு ஏற்ற ஒன்றைத் தைக்க ஆம்பூரில் ஒரு பேட்டர்ன் மாஸ்டரும் குடியாத்தத்தில் ஒரு தையல்காரரும் போதும்.

நிறத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இறக்குமதியாகும் பொம்மைகளில் பெரும்பாலானவை வெளிர்ரோஜா நிறம். ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்ந்தால் அதில் பளிச்சென்று தெரியும். நம் வார்டில் படுத்திருப்பவர் கறுப்போ மாநிறமோ. அவருக்கு உதட்டின் உட்புறம், நாக்கு, ஈறு, உள்ளங்கை இவற்றைப் பார்க்கவில்லையென்றால் நீலம் தெரியாமலே போகும். கருவியும் இதில் ஏமாற்றும். பல்ஸ் ஆக்சிமீட்டர் கருந்தோல் நோயாளிகளிடம் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டி ஆக்சிஜன் குறைவை மறைத்துவிடுவது வெள்ளையரைவிட அதிகமாக நடக்கிறது என்று 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கொரோனா உச்சத்தில் இருந்தபோது! நம் பொம்மை நம் நிறத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது நோயைக் கண்டுபிடிப்பதற்காக.

பொம்மை கிடைத்துவிட்டால் கதை முடிந்ததா? அமெரிக்காவின் செவிலியர் வாரியங்களின் தேசிய அவை 2014இல் பெரிய ஆய்வொன்றின் முடிவை வெளியிட்டது. மருத்துவமனையில் செலவிடும் பயிற்சி நேரத்தில் பாதி வரை செயற்கைச் சூழல் பயிற்சியாக மாற்றியும் மாணவர்களின் அறிவிலும் திறனிலும் குறைவு காணப்படவில்லை. விற்பனையாளர்கள் இந்த ஒரு வரியை மட்டும் வெட்டி ஒட்டி நம்மிடம் காட்டுவார்கள். அந்தக் கல்லூரிகளில் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள் என்பதையும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் மாணவர்களோடு உட்கார்ந்து நடந்ததை அலசினார்கள் என்பதையும் காட்ட மாட்டார்கள். என்ன பார்த்தாய், ஏன் அப்படிச் செய்தாய், அடுத்த தடவை எதை முதலில் செய்வாய் என்று திட்டாமல் கேட்கும் அந்த அரைமணி நேரம்தான் பாடம். நம் ஊரில் அதுதான் அரிது. மாணவி தப்புச் செய்தால் வார்டு நடுவிலேயே வாங்கிக் கட்டிக்கொள்கிறாள், அடுத்த முறை தப்பை மறைக்கக் கற்றுக்கொள்கிறாள்.

பயிற்சிக்கு நாம் எழுதும் கதைகளும் இந்த மண்ணில் நடப்பவையாக இருக்கட்டும். தோல் பதனிடும் ஷாப்பில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் மயங்கி விழுகிறார். சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் சல்பைடு கழிவும் அமிலக் கழிவும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காப்பாற்றப் பதறி இறங்குபவரும் அதே இடத்தில் விழுவார். இந்தப் பயிற்சியில் மாணவி கற்க வேண்டிய முதல் பாடம், இறங்காமல் நிற்பது, மற்றவர்களையும் நிறுத்துவது. அமெரிக்கப் பாடநூலோடு வரும் கதைத் தொகுப்பில் இதைத் தேடி ஏமாற வேண்டாம். குரோமியம் பட்டுக் கையெல்லாம் வெடித்த தொழிலாளி, பீடி சுற்றிச் சுற்றி இருமலோடு வரும் பெண், தீப்பெட்டி ஆலையில் தீப்பட்டவர் என்று எழுத எத்தனையோ இருக்கின்றன.

நோயாளியாக நடிப்பவர் தமிழில் பேசட்டும். உருதுவில் பேசட்டும், தெலுங்கிலும் பேசட்டும். பேரணாம்பட்டுக்கு அந்தப் பக்கம் ஆந்திரம். இந்த மூன்று மொழிக்காரர்களும் ஒரே வார்டில் படுத்திருக்கும்போது, நம் செய்முறைத் தேர்வு மட்டும் ஆங்கிலத்தில் நடக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழில் படித்து வந்த பெண்ணுக்கு வகுப்பில் பாதி புரிவதில்லை. அவளுக்காக ஆசிரியர் கைப்பேசியில் ஐந்து நிமிடம் தமிழில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினால் விடுதியில் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். இதற்கு ஸ்டூடியோ வேண்டாம். நோயாளியின் முகமோ பெயரோ அதில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்மார்ட் போர்டு, வி.ஆர். கண்ணாடி, செயற்கை நுண்ணறிவு பற்றியெல்லாம் பிற்பகலில் இளைஞர்கள் பேசுவார்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. வாங்கும் முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இதைப் பயன்படுத்திய மாணவியின் கை மூன்று மாதம் கழித்தும் கற்றதைச் சரியாகச் செய்கிறதா? நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்தும் பழக்கம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். ஆண்டுக்கு ஒரு நாள் விழாவாக நடத்தும் பயிற்சியைவிட மாதம் பத்து நிமிடம் பயன் தரும்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் வெளியிட்ட புதிய பி.எஸ்ஸி. பாடத்திட்டம் செமஸ்டர் முறையைக் கொண்டுவந்தது. கல்வித் தொழில்நுட்பமும் செவிலியத் தகவலியலும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. தகவலியல் பாடம் நடத்துவோர் கிராம சுகாதார செவிலியர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து ஒருமணி நேரம் பேசவிடுங்கள். கர்ப்பிணிப் பதிவை வீடு வீடாக எடுத்து, பிறகு கணினியில் ஏற்றும் வேலையில் எது தாய்க்கு உதவுகிறது, எது வெறும் சுமை என்று அவர் சொல்லிவிடுவார்.

இந்தக் கருத்தரங்கின் முடிவில் தீர்மானம் என்று ஒன்று நிறைவேற்றுவோம். நான் முன்மொழிவது இது. இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் அடுத்த கல்வியாண்டுக்குள் ஒரே ஒரு பயிற்சிக் கருவியை உள்ளூர்த் தொழிலாளரோடு சேர்ந்து செய்யட்டும். வடிவ அளவுகளையும் வெட்டுத் தாளையும் மற்றக் கல்லூரிகளுக்கு விலையின்றிக் கொடுக்கட்டும். செய்துகொடுத்த தொழிலாளிக்கு உரிய கூலியும், கருவியின் மேல் அவர் பெயரும் இருக்கட்டும். ஆறு மாதம் பழகியபின் எது கிழிந்தது, எது உதவாமல் போனது என்ற குறிப்போடு மீண்டும் கூடுவோம். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.