எழுத்தும் இடைவெளியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமோ இசையோ பேசவேண்டிய மேடையில் நின்று, கணிப்பொறியில் எழுத்துக்கு எழுத்து விடும் இடைவெளியைப் பற்றிப் பேசப் புகுகின்றோம். இஃது அச்சகத்தாரின் கவலை அன்றோ, நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

சென்ற ஆண்டு மலரில், மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலிப் பக்கம் ஒதுக்கினோம். அவர் பெயர் 'பொ' என்னும் எழுத்தில் தொடங்குவது. பக்கத்தின் அகலம் முழுவதும் அப்பெயர் பரந்து நிற்கவேண்டும் என்று கருதிய அச்சகத்தார், எழுத்துகளுக்கிடையே இருந்த இடைவெளியை அகட்டிவிட்டார். அவர் இந்தி மட்டும் அறிந்தவர், அவரை நோவதற்கில்லை. கொம்பு ஒருபுறம், பகரம் நடுவே, கால் மறுபுறம் என ஓர் எழுத்து மூன்று துண்டாகி நின்றது. மெய்ப்புப் பார்த்தவர்கள் நாமே. கட்டுரையை வரி வரியாகப் படித்த நாம், தலைப்பைப் பார்த்தோமே தவிரப் படிக்கவில்லை.

விழா நாளன்று, நம் ஞாயிறு வகுப்பில் தமிழ் பயிலும் அவருடைய பேத்தி, பாட்டியார் பக்கத்தில் அமர்ந்து அப்பெயரை விரல் வைத்துப் படித்தாள். கொம்பு இன்னதென்று விளங்காமல் தாண்டினாள். 'ப' என்றாள். தனித்து நின்ற காலை 'ர' என்றாள். பிறகு நிமிர்ந்து, "பாட்டி, இது யார் பேர்?" என்று கேட்டாள். பாட்டியார் மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நாம் எதிர் வரிசையில் இருந்தோம்.

அக்குழந்தை தடுமாறிய இடம் புதியதன்று. பனையோலையில் எழுதிய நம் முன்னோர் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதியதில்லை. பெரும்பாலும் புள்ளியும் இட்டதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவாய் இருந்தமையால், ஏடு பார்த்துப் பதிப்பித்த அறிஞர்கள் இது காலோ ரகரமோ என்று ஒவ்வொரு வரியிலும் இடர்ப்பட்டார்கள். எங்கே சொல் முடிகிறது என்பதையும் அவர்களே துணியவேண்டியிருந்தது. 'பலகை' என்று சேர்த்தால் மரத்துண்டு. 'பல கை' என்று பிரித்தால் பலருடைய கை. 'தாமரை' என்பதைத் 'தா மரை' என்று பிரித்துத் தாவுகின்ற மான் என்று பொருள் காண்பது இலக்கண வகுப்பில் நாம் எல்லோரும் கேட்டதே. வெற்றிடத்துக்கும் பொருள் உண்டு என்பதைத் தமிழ் மாணவனுக்கு வேறு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அன்று தொட்டு, ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலம் முடியும் வரை, இடைவெளி என்பது கையில் எடுத்து வைக்கும் ஒரு பொருளாய் இருந்தது. எழுத்தை விட உயரம் குறைந்த ஈயத் துண்டு அது. உயரம் குறைந்ததால் மை படாது, தாளில் வெள்ளையாய் விழும். கொம்புக்கு ஓர் அச்சு, ககரத்துக்கு ஓர் அச்சு, காலுக்கு ஓர் அச்சு என்று தனித்தனியே பெட்டியில் கிடந்தாலும், தலைப்பை அகட்ட விரும்பிய கம்பாசிடர் அந்த ஈயத் துண்டைக் கொம்புக்கு முன்னும் காலுக்குப் பின்னும் வைப்பாரே அன்றி நடுவே வைக்கமாட்டார். அவருக்கு யாரும் விதி எழுதித் தரவில்லை. அவர் தமிழ் படித்தவர், அவ்வளவே.

பின்னர் வந்த தட்டச்சுப் பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு இடம். அகன்ற ணகரம் ஒடுங்கி நின்றது. ஒல்லியான ரகரம் வெளியில் தனித்து நின்றது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தை மட்டும் ஒரு சொல் சொல்லிப் போகவேண்டும். அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் தலைமேல் தும்பிக்கை தூக்கிய ஓருரு எழுத்துகளாய் இருந்தன. ணா, றா, னா மூன்றும் அவ்வாறே பிரிக்க இயலாத சுழிகள். மூத்தோர் பலருக்கு அவ்வடிவங்கள் இன்னும் கையில் வரும். சீர்திருத்தத்தால் கற்பது எளிதாயிற்று. நாம் அதை வரவேற்பவர்களே. ஆயினும், பிரியவே முடியாதிருந்த ஏழு எழுத்துகள் அன்று பிரியக்கூடியவை ஆயின என்பதும் உண்மை.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். பழைய தமிழ் எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகளாகவே வைக்கப்பட்டிருந்தன. அந்த முறையில் 'கொ' என்று அடித்தால் கணிப்பொறி அதை மூன்று எழுத்தாகவே எண்ணும்; இடைவெளியை அகட்டினால் மூன்றாகவே பிரிக்கும். 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் 'கொ' என்பது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரு குறியீடுகளாய்ச் சேமிக்கப்பட்டு, ஒரே எழுத்துக் கொத்தாகக் கொள்ளப்படுகிறது. ஒழுங்காய் எழுதப்பட்ட மென்பொருள், கொத்து முடிந்த பிறகே இடைவெளி விடும். எல்லா மென்பொருளும் ஒழுங்காய் எழுதப்பட்டவை அல்ல என்பதற்குச் சென்ற ஆண்டு மலரே சான்று. 'க்ஷ' என்பதோ கொத்துக் கணக்கில் 'க்' என்றும் 'ஷ' என்றும் இரண்டாய் எண்ணப்படுவது. பெயரில் அவ்வெழுத்து உடையோர் தலைப்பை அகட்டாமல் இருப்பதே நலம்.

இங்கே நம் இளைஞர்கள் செய்யும் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். 'வரவேற்பு' என்பதை விரித்துக் காட்ட, ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் இடைவெளிப் பட்டையைத் தட்டுகிறார்கள். எழுத்து உடையவில்லை, ஆனால் சொல் உடைந்துவிடுகிறது. வரியின் கடைசியில் 'வ ர' நிற்க, 'வே ற் பு' அடுத்த வரிக்கு ஓடும். அச்சொல்லைத் தேடினால் கிடைக்காது. பார்வையற்றோருக்காகத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் அதனை எழுத்தெழுத்தாக உதிர்க்கும். உறுப்பினர் பட்டியலில் ஒரு பெயர் அவ்வாறு இருந்தால், அவர் இருந்தும் இல்லாதவராவார்.

முறையான வழி இதுதான். வேர்டு மென்பொருளில் சொல்லைத் தெரிவு செய்து, கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தினால் எழுத்துருப் பெட்டி திறக்கும். அதில் 'அட்வான்ஸ்டு' என்னும் பக்கத்தில் 'ஸ்பேசிங்' என்றிருப்பதே நாம் தேடுவது. 'எக்ஸ்பாண்டட்' அகட்டும், 'கண்டென்ஸ்டு' நெருக்கும். அளவு புள்ளிக் கணக்கில். ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எழுத்து வடிவமைப்புப் பெட்டியின் 'பொசிஷன்' பக்கத்தில் இதே வசதி உண்டு. தலைப்புக்கு ஓரிரு புள்ளி போதும் என்பது நம் எண்ணம். தலைப்பு சிறிதாய்த் தெரிந்தால் எழுத்தின் அளவைக் கூட்டலாமே. வெற்றிடத்தைக் கூட்டி ஏன் பருக்கவைக்கவேண்டும்?

உரைநடையில் எழுத்திடை வெளியைத் தொடாமல் இருப்பதே நன்று. ஒரு பத்தியைப் பக்கத்துக்குள் அடக்க நெருக்கினால், ககரத்தின் புள்ளி அடுத்து வரும் 'கி'யின் வளைவோடு ஒட்டிக்கொள்ளும். கண் மங்கிய மூத்தோருக்கு அது பெரும் தொல்லை. நம் சொற்கள் நீண்டவை ஆதலின், குறுகிய பத்தியை இருபுறமும் ஒழுங்காய் நிறுத்த முயன்றால் வரிக்கு இரண்டு சொல்லும் நடுவே ஒரு வாய்க்காலுமாக அமையும். இடப்புறம் மட்டும் ஒழுங்காய் இருக்கட்டும். வலப்புறம் ஏறி இறங்கினால் குறையில்லை.

அச்சகத்தாரிடம் இதை எப்படி விளக்குவது என்று சில நாள் குழம்பினோம். வழி அவருடைய எழுத்திலேயே இருந்தது. தேவநாகரியில் எழுத்தை அகட்டினால் தலைக்கோடு அறுந்துபோகும். ஆதலால் இந்தித் தலைப்பை அவர் அகட்டுவதில்லை. தமிழுக்குத் தலைக்கோடு இல்லை. அகட்டலாம் என்று எண்ணிவிட்டார். இந்தியில் குறில் இகரக் குறி எழுத்துக்கு முன்னே நிற்கிறதன்றோ? அதனை எழுத்திலிருந்து பிரித்துத் தாளில் எழுதிக் காட்டி, எங்கள் கொம்பும் இதுவே என்றோம். அவர் அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சென்ற ஆண்டு மலரைத் தாமே எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, "இதுவா?" என்று கேட்டார். ஆம் என்றோம்.

அப்பக்கத்தை இவ்வாண்டு மலரில் மீண்டும் அச்சிட மலர்க் குழு இசைந்துள்ளது. மெய்ப்புப் படியை முதலில் அந்த அம்மையார் வீட்டுக்குக் கொண்டுசென்று, சிறுமியைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே அச்சுக்குக் கொடுப்பதென்று இருக்கின்றோம்.