கப்பல் தலைவரின் கடிதம்



2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று நம் தாராவியில் கொரோனா நோயாளி ஒருவர் முதன்முதலாகக் கண்டறியப்பட்டார். அதற்கு மறுநாள், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், பசிபிக் மாகடலிலுள்ள குவாம் தீவின் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் கேப்டன், அக்கப்பலின் தலைமையினின்றும் விலக்கப்பட்டார். தம் ஆட்களின் உயிருக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்துவிட்டதே அதற்குக் காரணம். படைத் தலைவன் ஒருவன் இவ்வாறு எழுதலாமா, எழுதினால் அவனை விலக்குவது முறையா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

போர்க்கப்பலுக்கும் மும்பைவாசிகளாகிய நமக்கும் என்ன உறவு என்று மாதுங்காவிலும் செம்பூரிலும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நினைக்கலாம். உறவு உண்டு. அக்கப்பலில் ஏறத்தாழ 4,800 பேர் இருந்தனர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடுக்குப் படுக்கைகள், குறுகிய நடைவழிகள், பொதுவான உணவுக்கூடம், பொதுவான குளியலறை, கழிப்பறை. தாராவியைப் பற்றிச் சொல்லும்போதும் ஏறக்குறைய இவ்வார்த்தைகளைத்தானே சொல்லவேண்டியிருக்கிறது? இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் உட்பட்ட நிலத்தில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர். வீதிக் கழிப்பறையில் வரிசை. தள்ளி நில்லுங்கள் என்று இவர்களிடம் சொல்லுவது எளிது. தள்ளி நிற்பதற்கு இடம் எங்கே?

நடந்தவற்றை முறையாகச் சொல்லுகிறேன். கப்பலின் பெயர் தியோடர் ரூஸ்வெல்ட். கேப்டனின் பெயர் பிரெட் குரோசியர். 2020 மார்ச் மாதத் தொடக்கத்தில் கப்பல் வியத்நாமின் டாநாங் துறைமுகத்தில் சில நாள் தங்கிச் சென்றது. மார்ச் 24-ஆம் தேதி, மாலுமிகள் மூவருக்கு நோய் கண்டிருப்பதை அமெரிக்கக் கடற்படையே உலகுக்கு அறிவித்தது. 27-ஆம் தேதி கப்பல் குவாமை அடைந்தது. தீவில் இடம் போதவில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் கட்டில் விரித்தால் அங்கும் அதே நெருக்கம். மேலிடத்துடன் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. நோயோ பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. 30-ஆம் தேதி குரோசியர் நான்கு பக்கக் கடிதம் ஒன்றை வரைந்து, மின்னஞ்சல் வழியாக மேலதிகாரிகளுக்கும் உடன் பணிபுரியும் கேப்டன்கள் சிலருக்கும் அனுப்பினார். அணு உலையைக் காக்கவும் கப்பலைப் பேணவும் பத்தில் ஒரு பங்கினரை நிறுத்திக்கொண்டு, ஏனையோரைக் கரையில் தனித்தனி அறைகளில் வைக்கவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். இது போர்க்காலம் அன்று, மாலுமிகள் மாளவேண்டிய அவசியம் இல்லை என்ற கருத்தும் அதில் இருந்தது. மறுநாள் ஸான்பிரான்ஸிஸ்கோ நாளிதழ் ஒன்று அதனை வெளியிட்டது. ஏப்ரல் 2-ஆம் தேதி கடற்படையின் தாற்காலிகச் செயலாளர் தாமஸ் மாட்லி அவரைத் தலைமையினின்றும் விலக்கினார்.

கேப்டன் கப்பலைவிட்டு இறங்கியபோது மாலுமிகள் பெருந்திரளாகக் கூடி அவர் பெயரைச் சொல்லி ஆரவாரித்தனர். அக்காட்சியை உலகம் முழுவதும் கண்டது. அதற்குச் சில நாட்களில் மாட்லி குவாமுக்கே பறந்து சென்று, கப்பலின் ஒலிபெருக்கி வழியாக, அம்மாலுமிகளின் காதுபடவே, அவர்கள் தலைவரை அறிவிலி என்னும் பொருள்படப் பேசினார். அப்பேச்சும் வெளியாகிவிட்டது. ஏப்ரல் 7-ஆம் தேதி அவரே பதவியைத் துறக்க நேர்ந்தது. கடிதம் கசிந்ததற்காக ஒருவரை விலக்கியவர், தம் பேச்சு கசிந்ததனால் விலகினார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். குரோசியர் கடற்படையிலிருந்து நீக்கப்படவில்லை. அவருடைய தரமும் பறிக்கப்படவில்லை. கப்பலின் தலைமை மட்டுமே பறிக்கப்பட்டது. நம்பிக்கை போய்விட்டது என்று மேலிடம் சொன்னால் போதும், குற்றம் ருசுவாக வேண்டியதில்லை. இவ்வதிகாரம் எல்லா நாட்டுப் படைகளிலும் ஏதேனும் ஓர் உருவில் உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 310-வது விதிப்படி படை அதிகாரிகள் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையே பதவி வகிக்கின்றனர். சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு 311-வது விதி தரும் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. 1998 டிசம்பர் 30-ஆம் தேதி கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் விஷ்ணு பாகவத் நீக்கப்பட்டது இவ்வதிகாரத்தின் பேரிலேதான். அது வேறு விவகாரம். அதிகாரத்தின் அளவு எவ்வளவு என்பதற்காகச் சொன்னேன்.

குரோசியர் மீது சொல்லப்பட்ட குறைகளை எளிதில் தள்ளிவிட முடியாது. படை என்பது சொற்கேட்டு நடக்கும் அமைப்பு. கேப்டன்கள் யாவரும் தத்தம் குறைகளைப் பலருக்கும் பிரதி எடுத்து அனுப்பத் தொடங்கினால், நாளை போர்க்களத்தில் கட்டளை என்னவாகும்? அவருடைய நேர் மேலதிகாரியாகிய ரியர் அட்மிரல் ஸ்டூவர்ட் பேக்கர் அதே கப்பலில்தான் இருந்தார். அவரிடம் முன்கூட்டிக் கலந்துகொள்ளாமலே கடிதம் போயிற்று. பாதுகாப்பற்ற அஞ்சலில் போயிற்று என்பதும் உண்மை. கப்பலின் பலவீனம் பகைவருக்குத் தெரிந்துவிட்டதே என்றும் சொன்னார்கள். இந்தக் கடைசிக் குறை எனக்கு வலுவுள்ளதாகத் தோன்றவில்லை. நோய் கண்ட செய்தியை ஒரு வாரத்துக்கு முன்னரே கடற்படை அறிவித்துவிட்டது. கடிதம் கூட்டிச் சொன்னது அளவைத்தான். பத்திரிகைக்குக் கொடுத்தவர் குரோசியரே என்றும் எவரும் நிலைநாட்டவில்லை.

ஆகவே கேள்வி இவ்வாறு சுருங்குகிறது: வழி தவறிச் சென்ற கடிதம், உள்ளே சொன்ன உண்மையைப் பொய்யாக்குமா? விளைவைப் பாருங்கள். முடிவில் அக்கப்பலில் 1,271 பேருக்கு நோய் உறுதியாயிற்று. நால்வரில் ஒருவருக்கு மேல். பரிசோதனையின்போது அவர்களுள் முக்கால் பங்கினருக்கு யாதோர் அறிகுறியும் தென்படவில்லை. 23 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். ஒருவர் ஏப்ரல் 13-ஆம் தேதி உயிர் நீத்தார். குரோசியருக்கும் நோய் கண்டது. அறிகுறி உள்ளவரை மட்டும் பிரித்தால் போதாது, எல்லோரையுமே பிரிக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தியது எவ்வளவு சரி என்பதை இக்கணக்கே சொல்லுகிறது. கடிதத்துக்குப் பின் மாலுமிகள் ஆயிரக்கணக்கில் கரையிறக்கப்பட்டு, குவாமின் ஓட்டல் அறைகளில் வைக்கப்பட்டனர். கேட்டவர் போனார், கேட்டது கிடைத்தது.

இவ்விடத்தில் ஒரு பழைய கதை. 1898-ஆம் ஆண்டு கியூபாவில் அமெரிக்கப் படை ஸ்பெயினை வென்றபின், மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் வீரர்களைச் சூறையாடின. படையை உடனே திருப்பி அழைக்கவேண்டும் என்பதைத் தளபதிகள் உணர்ந்தனர். ஆயினும் வாஷிங்டனின் சினத்துக்கு ஆளாக, நிரந்தர உத்தியோகத்திலுள்ளவர்கள் தயங்கினர். தொண்டர்படைக் கர்னல் ஒருவர் முன்வந்தார். ஜெனரல் ஷாஃப்டருக்கு அவர் எழுதிய கடிதமும், தளபதிகள் சேர்ந்து கையொப்பமிட்ட கடிதமும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பத்திரிகைகளில் வந்துவிட்டன. சர்க்கார் கொதித்தது, ஆனால் படை நாடு திரும்பியது. கர்னலை எவரும் விலக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1901-இல் நாட்டின் தலைவரே ஆனார். அவர்தான் தியோடர் ரூஸ்வெல்ட். அவர் பெயர் தாங்கிய கப்பலின் கேப்டனை, அவர் செய்த காரியத்துக்காகவே விலக்கினார்கள்! பெயர் வைப்பவர்கள் வாழ்க்கை வரலாற்றை முழுதும் படிப்பதில்லை போலும்.

நம் நகரத்துக்கு வருவோம். 2020 ஏப்ரலில் மும்பையிலுள்ள ஐ.என்.எஸ். ஆங்கரே என்னும் கரைத்தளத்தில் 21 மாலுமிகளுக்கு நோய் கண்டது. பெரும்பாலோர்க்கு அறிகுறி இல்லை. ஏப்ரல் 7-ஆம் தேதி நோய் உறுதியான ஒரு மாலுமியிடமிருந்து அது பரவியதாகக் கண்டனர். தங்குவிடுதி முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டது; செய்தியைக் கடற்படையே வெளியிட்டது. அதனை வெளியிட்டதால் நாட்டின் பாதுகாப்புக்கு ஒரு குந்தகமும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. தாராவியிலும் அப்படியே. வீட்டுக்குள் தனித்திருங்கள் என்பது இங்கே நடவாத காரியம் என்று அதிகாரிகள் வெளிப்படையாகவே சொன்னார்கள். பள்ளிக்கூடங்களும் விளையாட்டு அரங்கமும் தனிமை இல்லங்களாயின. வட்டார டாக்டர்கள் கவச உடை அணிந்து வீடு வீடாக ஏறி இறங்கினர். ஜூலை 10-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் கூறினார். குவாமில் குரோசியர் கேட்டதும் இதுவேதான்: நெருக்கத்திலிருந்து மனிதர்களை வெளியே எடுங்கள்.

ஆனால் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல இந்நகரத்தின் வரலாறும் இடந்தரவில்லை. 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி, கொலாபாவிலிருந்த தல்வார் என்னும் கடற்படைப் பயிற்சித்தளத்தில் மாலுமிகள் உணவை மறுத்தனர். மோசமான உணவும் மேலதிகாரியின் இழிசொற்களும் குறித்து அவர்கள் முன்னரே முறையிட்டிருந்தும் பயன் விளையவில்லை. சில நாட்களில் அது கராச்சி வரை பரவிய கிளர்ச்சியாயிற்று. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். பின்னாளில், 2017 ஜனவரியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் ஜவான் தேஜ் பகதூர் யாதவ், தமக்குக் கிடைக்கும் உணவைப் படம்பிடித்து ஊரறியக் காட்டினார். பொய்க் குற்றச்சாட்டு என்று விசாரணை மன்றம் முடிவு செய்தது. ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார்.

இவ்விடத்தில் சட்டத்தின் ஒரு குறையை நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26, 27-வது பிரிவுகள் முறையிடும் உரிமையைத் தருகின்றன. 1957-ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டமும் தருகிறது. ஆனால் யாருக்கு? தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கருதுபவருக்கு. தனக்கு ஒரு தீங்கும் நேராத தளபதி, தன் கீழுள்ள ஆயிரம் பேருக்காகப் பேச விரும்பினால், அவன் எந்தப் பிரிவைப் பிடித்துக்கொள்வான்? கட்டளை வரிசையில் மேலே எழுதலாம். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதலாம். நோய் நாள்தோறும் இரட்டிக்கும்போது மூன்றாவது கடிதம் யாருக்கு?

அமெரிக்கக் கடற்படையே இக்கேள்வியில் தடுமாறிற்று. முதல் விசாரணைக்குப் பின், ஏப்ரல் மாத இறுதியில், குரோசியருக்குத் தலைமையைத் திருப்பித் தரலாம் என்று பரிந்துரைத்தார்கள். மறு விசாரணைக்குப் பின், ஜூன் 19-ஆம் தேதி, கடற்படைத் தளபதி அட்மிரல் மைக்கேல் கில்டே தர இயலாது என்றார். சொன்ன காரணம் கடிதம் அன்று. நோய் கண்டவுடன் போதிய நடவடிக்கையை விரைந்து எடுக்கவில்லை, பின்பகுதியில் தனிமைப்படுத்தியவர்களை முன்கூட்டியே வெளியே விட்டார் என்பனவே காரணங்கள். மேலதிகாரி பேக்கரின் பதவி உயர்வும் நிறுத்திவைக்கப்பட்டது. கடமையில் தவறியிருந்தால் தண்டிக்கட்டும். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஏப்ரல் 2-ஆம் தேதி அவரை விலக்கியபோது எவரும் இத்தவற்றைச் சொல்லவில்லை, கடிதத்தைத்தான் சொன்னார்கள். முதலில் தண்டனை, பிறகு அதற்கொரு குற்றம் என்பதை நீதி என்று நான் ஒப்பமாட்டேன். கடிதத்துக்குக் கண்டனக் குறிப்பு ஒன்று போதுமானதாக இருந்திருக்கும். ஐயாயிரம் பேரின் நம்பிக்கையைப் பெற்றவரை, அவர்கள் நோய்வாய்ப்பட்டிருந்த வாரத்திலேயே இறக்கியிருக்க வேண்டியதில்லை.

குரோசியர் 2022-இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு அவருக்கு எந்தக் கப்பலின் தலைமையும் கிடைக்கவில்லை.