பாட்டை விற்றவன் துரோகியா?

(கலவையில் விவசாயத் தொழிலாளர்களும் தோல், காலணித் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, பஞ்சப்படி, மனைப்பட்டா என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று பாட்டைப் பற்றிப் பேசும்படி சங்கத் தோழர்கள் பணித்திருக்கிறார்கள். வயிறு காய்கிறபோது பாட்டு எதற்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். பாட்டில்லாமல் ஒரு நாள் முழுதும் குனிந்து நாற்று நட முடியாது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால் பாட்டின் இனிமையைப் பற்றிப் பேச நான் வரவில்லை. பாட்டு யாருடைய சொத்து என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஏழையின் கோபத்தில் பிறந்த ஒரு பாட்டு சந்தைக்குப் போகிறது. கோடிப் பேர் கேட்கிறார்கள். பணம் புரளுகிறது. உடனே இரண்டு குரல்கள் எழுகின்றன. "விலைபோய்விட்டான், இனி அவன் பாட்டு உண்மையான பாட்டல்ல" என்கிறது ஒரு குரல். "எல்லாம் வியாபாரந்தான், இதில் உண்மை என்ன, பொய் என்ன" என்கிறது இன்னொரு குரல். இந்த இரண்டு குரலும் கடைசியில் முதலாளிக்குத்தான் உதவுகின்றன. அது எப்படி என்று பார்ப்போம்.

லண்டனில் பிறந்த கோபம்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வந்தது. 1970களின் நடுவில் அந்த நாட்டில் வேலையில்லாதோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டிற்று. உலகத்தையே ஆண்ட பிரிட்டிஷ் சர்க்கார் 1976ல் சர்வதேச நிதி நிறுவனத்திடம் கடனுக்குக் கையேந்தியது. நிபந்தனையாக மக்கள் நலச் செலவுகள் வெட்டப்பட்டன. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த பிள்ளைகளுக்கு வேலையில்லை, எதிர்காலமில்லை.

அந்தப் பிள்ளைகள் பழைய கித்தாரைக் கையிலெடுத்தார்கள். முறையாகச் சங்கீதம் கற்றவர்கள் அல்ல. தொண்டை கிழியக் கத்தத் தெரிந்தால் போதும் என்று மேடையேறினார்கள். கிழிந்த சட்டையை ஊக்கு மாட்டிப் போட்டுக்கொண்டார்கள். தோல் கோட்டும், தொழிலாளி போடும் கனத்த பூட்ஸும் அவர்களுடைய கோலம். அந்த இசைக்குப் பங்க் ராக் என்று பெயர். பங்க் என்றால் உதவாக்கரை, போக்கிரி என்று பொருள். வசைச்சொல்லே பட்டமாயிற்று.

அவர்களில் பேர்பெற்ற குழு 'செக்ஸ் பிஸ்டல்ஸ்'. 1977ல் எலிசபெத் ராணியின் வெள்ளிவிழா நாடெங்கும் கொண்டாடப்பட்ட வேளையில், ராணியைச் சாடி அவர்கள் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். பி.பி.சி. வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது. இருந்தும் இசைத்தட்டு விற்பனையில் அது இரண்டாம் இடத்துக்கு வந்தது.

விற்றது யார், தோழர்களே? இ.எம்.ஐ. என்ற பெரிய கம்பெனி 1976 அக்டோபரில் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. பத்திரிகைகள் கூச்சல் போட்டதும் 1977 ஜனவரியில் கைகழுவியது. மார்ச்சில் இன்னொரு கம்பெனி சில நாட்கள் வைத்திருந்து விட்டது. மே மாதம் 'வர்ஜின்' கம்பெனி வாங்கியது. இந்தக் குழுவை நிர்வகித்த மால்கம் மெக்லாரனும் அவர் துணைவி விவியன் வெஸ்ட்வுட்டும் லண்டனில் துணிக்கடை நடத்தியவர்கள். ஆகவே, ஆதியில் கலப்படமில்லாத ஒரு பொற்காலம் இருந்தது, பிறகுதான் வியாபாரம் புகுந்து கெடுத்தது என்ற கதை சரியல்ல. கோபமும் கடையும் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கோபம் தெருப்பிள்ளைகளுடையது. கல்லாப்பெட்டி வேறொருவருடையது.

2015ல் நடந்ததைக் கேளுங்கள். அதே வர்ஜின் பெயர் தாங்கிய வங்கி, அந்தக் குழுவின் இசைத்தட்டு உறைப் படங்களைத் தன் கடன் அட்டையில் அச்சிட்டு விற்றது! பணக்கார உலகத்தைத் திட்டிய பாட்டு, வட்டிக்கடையின் பெயர்ப்பலகை ஆயிற்று. மறு ஆண்டு 1976ன் நாற்பதாம் ஆண்டு நினைவு கொண்டாடப்பட்டது. மெக்லாரன், வெஸ்ட்வுட் தம்பதியின் மகன் ஜோ கோர் மனம் வெறுத்து, தம்மிடமிருந்த பங்க் காலத்துத் துணிமணி, இசைத்தட்டுகளை 2016 நவம்பர் 26ந் தேதி தேம்ஸ் நதியில் ஒரு படகில் வைத்துக் கொளுத்தினார். மதிப்பு ஐம்பது லட்சம் பவுன் என்று அவரே சொன்னார். கோபம் நியாயந்தான். ஆனால் சாம்பலால் எந்த ஏழை வீட்டிலும் உலை கொதிக்கவில்லை.

பூட்ஸின் கதை

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பங்க் வாலிபர்கள் அணிந்த அந்தக் கனத்த பூட்ஸின் பெயர் 'டாக்டர் மார்ட்டன்ஸ்'. 1960 ஏப்ரல் 1ந் தேதி இங்கிலாந்தில் வொல்லஸ்டன் என்ற ஊரின் ஆலையில் அது தயாரானது. விலை சுமார் இரண்டு பவுன். தபால்காரரும் ஆலைத் தொழிலாளியும் வாங்கிப் போட்ட செருப்பு அது. வாலிபர்கள் மேடையில் போட்டதால் எதிர்ப்பின் சின்னம் ஆயிற்று.

2003ல் கம்பெனி லாபத்துக்காக உற்பத்தியை ஆசியாவுக்கு மாற்றியது. இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். 2021 ஜனவரியில் அதே கம்பெனி பங்குச் சந்தையில் ஏறியபோது அதன் மதிப்பு சுமார் 370 கோடி பவுன். இன்று ஒரு ஜோடி நூறு பவுனுக்கு மேல். சின்னத்தின் விலை ஏறிற்று. அதைத் தைத்தவன் வேலை போயிற்று.

விடியுமுன் கம்பெனி வண்டியேறி ஷூ தைக்கப் போகிற நம் பெண்களுக்கு இது புரியும். 2015 ஜனவரி 31ந் தேதி விடியலுக்கு முன், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் நச்சுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் கோட்டு மாட்டினால் புரட்சிக்காரன் என்று நினைக்கிற வாலிபன், அந்தத் தோலைப் பதப்படுத்தியவன் பெயரைக் கேட்டானா? கேட்காத வரையில் அது வெறும் உடுப்புத்தான்.

உண்மைக்கு உரைகல் எது?

அப்படியானால் பங்க் இசை முழுவதும் போலியா? இல்லை. 'கிளாஷ்' என்று இன்னொரு குழு. 1977 ஜனவரியில் சி.பி.எஸ். கம்பெனியோடு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அன்றோடு பங்க் செத்தது என்று ரசிகர்கள் சிலர் ஒப்பாரி வைத்தார்கள். ஆனால் மறு ஆண்டு நடந்தது என்ன? 'நேஷனல் பிரண்ட்' என்ற நிறவெறிக் கட்சி, நம்மைப் போன்ற நிறத்தவரை நாட்டை விட்டு விரட்டு என்று வெறியூட்டிக்கொண்டிருந்த காலம். 1978 ஏப்ரல் 30ந் தேதி பல்லாயிரம் மக்கள் லண்டன் நடுவிலிருந்து ஊர்வலமாகக் கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவுக்கு வந்தார்கள். அங்கே நிறவெறிக்கு எதிராக மேடையேறிப் பாடியவர்களில் அந்தக் கிளாஷ் குழுவும் உண்டு.

நான்கே நாள் கழித்து, மே 4ந் தேதி, அதே கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளியை நிறவெறியர் குத்திக் கொன்றார்கள். பாட்டு கத்தியைத் தடுக்கவில்லை! ஆனால் பத்து நாளில் ஆயிரக்கணக்கான வங்காளித் தொழிலாளர்கள் சவப்பெட்டியின் பின்னே பிரதமர் மாளிகை வரை அணிவகுத்தார்கள். தெருவை மீட்டது அந்த ஸ்தாபனம்.

இதிலிருந்து இரண்டு பாடம். விலை வாங்கினானா என்பது பாட்டுக்கு உரைகல் அல்ல. நெருக்கடி வந்தபோது யார் பக்கத்தில் நின்றான் என்பதே உரைகல். பாட்டு எவ்வளவு உண்மையானாலும், பின்னால் ஸ்தாபனம் இல்லாவிட்டால் அது காற்றோடு போகும்.

பறையும் 'எஞ்சாமி'யும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். "அந்தக் காலத்துப் பறைதான் அசல், இப்போது மேடையில் அடிப்பது போலி" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம்? செத்த மாட்டைச் சுமந்தவன் நம்மவன், தோலை உரித்தவன் நம்மவன், காய்ச்சி அடித்தவனும் நம்மவன். ஆனால் சாதிக்கட்டு அவனைக் கட்டியிருந்தது. ஊரில் சாவு விழுந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். கூலி, கொடுத்ததை வாங்கிக்கொள்வது. அதனால்தான் தமிழ்நாட்டின் பல ஊர்களில் சாவு மேளம் அடிக்கமாட்டோம் என்று சேரி வாலிபர்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அடிகளையும் ஊர்விலக்கத்தையும் தாங்கினார்கள். பின்னர் அதே பறையைத் தங்கள் விடுதலைக் கருவியாக மேடைக்கு எடுத்து வந்தார்கள். பழையதெல்லாம் அசல், புதியதெல்லாம் போலி என்றால், அடிமைத்தனம் அசல், விடுதலை போலி என்றாகிவிடும்!

2018 ஜனவரி 6ந் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. சாதியில்லாத தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்த பெயர். வடசென்னைக் கானாவும் பறையும் மேல்நாட்டுக் கித்தாரும் அதில் ஒன்றாய் முழங்கின. அந்தக் குழுவில் பாடியவர் அறிவு. நம் ராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணத்துப் பிள்ளை.

2021 மார்ச்சில் அவரும் தீ என்ற பாடகியும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். நிலமில்லாத கூலி மக்களின் துயரத்தில் வேர்விட்ட அந்தப் பாட்டு உலகெங்கும் கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. பிறகு? அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது, அறிவின் படம் இல்லை. பா. ரஞ்சித் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் துவக்க விழாவில் அறிவு இல்லாமலே அந்தப் பாட்டு மேடையேறியது. பாட்டில் தம் உழைப்பு என்ன என்று அறிவு அறிக்கை விட்டார். சந்தோஷ் நாராயணன் பதில் அறிக்கை விட்டார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். வெளியிட்ட 'மாஜா' கம்பெனி தன் தரப்பில் வேறு கணக்குச் சொன்னது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதியல்ல. ஒன்றை மட்டும் பாருங்கள். கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்து, பாட்டு உன்னுடையதா என்னுடையதா என்று கேட்டு நின்றார்கள். கணக்குப் புத்தகம் அவர்கள் ஒருவர் கையிலும் இல்லை. வரப்புக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டால், விளைச்சல் யார் களத்துக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

கூலி வாங்குவது குற்றமா?

நம் பகுதிப் பறைக்குழு வாலிபர்களிடையே இப்போது ஒரு தகராறு. ஒரு கடை திறப்பு விழாவுக்கு வந்து அடிக்கும்படி ஒரு காண்டிராக்டர் அச்சாரம் நீட்டியிருக்கிறார். வாங்கினால் துரோகம் என்கிறார்கள் பாதிப்பேர். வாங்காவிட்டால் சோற்றுக்கு வழி என்ன என்கிறார்கள் மீதிப்பேர். குழுவே உடைந்துவிடும் நிலை.

தம்பிகளே, மில்லில் நூல் நூற்பவன் தன் உழைப்பை விற்கிறான். அறுவடைக்குப் போகிற பெண் தன் உழைப்பை விற்கிறாள். அவர்களை நாம் துரோகி என்கிறோமா? கூலி போதாது என்று கொடி பிடிக்கிறோம். பறையடிக்கிற கையும் உழைக்கும் கைதான். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்தவர். சினிமாக் கம்பெனியில் காசு வாங்கித்தான் பாட்டெழுதினார். 1958ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் உழவனின் உழைப்பைப் பற்றி அவர் எழுதிய பாட்டை நாம் நம்முடையதாகவே பாடுகிறோம். 1959ல் 29 வயதில் மறைந்த அவரை எவரும் விலைபோனவர் என்று சொன்னதில்லை. பாவலர் வரதராஜன் அதே 1958ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தொழிலாளர் நடுவே நம் இயக்கத்துக்காகப் பாடினார். ஒருவர் பாட்டு சினிமாக் கொட்டகையில், இன்னொருவர் பாட்டு தேர்தல் மேடையில். இரண்டும் நம் பாட்டே.

ஆகவே கூலி வாங்குங்கள். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். 1957ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. எழுத்திலே இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்தாண்டு மட்டுமே. எந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. 2012ல் வந்த திருத்தப்படி, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாடுகிறவனுக்கும் வாசிக்கிறவனுக்கும் வியாபார வருமானத்தில் ராயல்டி உரிமை உண்டு. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும்.

எனவே பறைக்குழுக்களுக்கு என் யோசனை இவை. தனித்தனியாக அச்சாரம் வாங்காதீர்கள், குழுவாகப் பேசுங்கள். படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள், பெண் கலைஞர்களுக்குச் சம பங்கு கொடுங்கள். சாதியைத் தூக்கிப் பிடிக்கிற மேடைக்கும், வேலைநிறுத்தத்தை உடைக்கிற முதலாளியின் விழாவுக்கும் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் போகாதீர்கள்.

தோழர்களே! முதலாளி பாட்டை வாங்கலாம். தாளத்தை வாங்கலாம். கிழிந்த சட்டையைக்கூடப் புதிதாகத் தைத்து, கிழித்து, விலை போட்டு விற்கலாம். கூலி கேட்டு வாசலில் நிற்கும் ஆயிரம் பேரின் ஒற்றுமையை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பாட்டுக்கு உயிர் அங்கிருந்து வருகிறது. அந்த ஒற்றுமையைக் கட்டுங்கள்! பாட்டை நம் கையில் வைத்திருப்போம்!