அண்டை மொழியில் அயலார்

கடல் கடந்து செல்பவர்க்கு அயன்மொழி அச்சத்தைத் தரும். அவ்வச்சமே அவர்க்குக் காவலுமாகும். பெங்களூரில் குடியேறும் தமிழராகிய நமக்கோ அக்காவல் இல்லை. மனெ, நீரு, எலெ என்று காதில் விழுவன பலவும் நம் சொற்களாகவே ஒலிக்கின்றன. இடறும் இடமும் அதுவே.

அக்கி நமக்குத் தோல்நோய், கன்னடத்தில் அரிசி. காலைச் சிற்றுண்டிக்கு ‘அக்கி ரொட்டி’ உண்டு என்று விடுதிக்காரர் கூறினால், புதியவர் திகையாது என் செய்வார்? அங்கே ‘சாரு’ என்பது பழச்சாறன்று. சோற்றில் ஊற்றும் ரசம். ‘ஏனு மாடுத்தீரி?’ என்று அண்டை வீட்டார் அன்போடு வினவுகையில், நம்மை மாடென்று வைகின்றாரோ என ஐயுறுவாரும் உளர். அவர் கேட்டது, ‘என்ன செய்கிறீர்கள்?’ என்பதே.

இடறச் செய்யும் உறவே வழியும் காட்டும். பழங்கன்னடத்துச் சொன்முதற் பகரம் பிற்காலத்தில் பெரும்பாலும் ஹகரமாயிற்று. பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து. பொம்மனஹள்ளியின் ஹள்ளியும் திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் ஒரு வேரினவே.

சொல்லில் நேரும் இடறல் சிரிப்போடு முடியும். மனத்தில் நேரும் பிணக்கு அங்ஙனம் முடிவதில்லை. காவிரி நீரின் பொருட்டு 1991 டிசம்பரில் இந்நகரில் கலவரம் மூண்டு, தமிழர் பலர் வீடிழந்தனர். அவ்வாண்டில் அல்சூரில் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது. 2009 ஆகஸ்டு 9இல் அது திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது.

அரசுகள் திறக்கும் சிலைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம். நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. ‘ஊட்ட ஆயித்தா?’—உணவு ஆயிற்றா—என்று அண்டை வீட்டாரை அவர்தம் மொழியில் இன்று மாலையே வினவலாம்.