மறுவாழ்வு மருத்துவமும் குடும்பத்தார் கடமையும்



மருத்துவத்திற்கு இரு பணிகள் உண்டு. உயிரைக் காப்பது முதற்பணி. காத்த உயிர் பயனுற வாழ வழிசெய்வது இரண்டாம் பணி. முதற்பணியின் அருமையை அறியாதார் இலர். அறுவை அரங்கின் வாயிலில் உற்றாரும் உறவினரும் இரவெல்லாம் காத்து நிற்பர். தையல் பிரித்து நோயாளர் வீடு திரும்பும் நாளில் அக்கூட்டம் கலைந்துவிடும். பெரும்பணியோ அன்றுதான் தொடங்குகிறது. தண்டுவடக் காயம், நரம்புக் காயம், விளையாட்டுக் காயம் ஆகியவற்றால் செயல் குன்றியோரை மீண்டும் செயற்படுவோராக ஆக்கும் அத்துறைக்கு மறுவாழ்வு மருத்துவம் என்று பெயர். இயன்முறை மருத்துவர், செயல்முறைப் பயிற்சியாளர், செவிலியர், உளநல ஆலோசகர், துணைக்கருவி செய்வோர் எனப் பலர் கூடிச் செய்யும் பணி அது. அவர்களுள் முதலிடம் குடும்பத்தாருக்கே உரியது.

முதுகெலும்பினுள்ளே மூளையிலிருந்து இறங்கிவரும் தண்டுவடம் ஏறத்தாழச் சுண்டுவிரல் பருமனே உடையது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்து உடலெங்கும் செல்கின்றன. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் சிதைந்தால் கைகால் நான்கும் செயலிழக்கும். மார்புப் பகுதியில் சிதைந்தால் கைகள் தப்பும், கால்கள் செயலிழக்கும். அசைவு மட்டுமன்றித் தொடுவுணர்வும், சிறுநீர் மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் குன்றும். ஆதலால் விபத்தில் சிக்கியவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி அமர்த்துதல் பெருந்தீங்காகும். தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு பிடித்து, அசையாமல் வைத்து, 108 ஊர்திக்காகக் காத்திருத்தலே முறை. கழுத்தில் சுளுக்கு எடுப்பதும், நசுங்கிய முதுகை மிதித்துவிடுவதும் எஞ்சிய நரம்பையும் அறுத்துவிடக் கூடும்.

முதல் உலகப்போரின் காலத்தில் தண்டுவடம் முறிந்தோருள் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. அவர்களை மாய்த்தவை படுக்கைப்புண்ணும் சிறுநீரக நோயுமே. இந்நிலையை மாற்றியவர் லுட்விக் குட்மன். செருமனியில் பிறந்த யூதரான இந்நரம்பியல் மருத்துவர், நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்தை அடைந்தார். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். அவர் கையாண்ட மருந்து புதியதன்று. இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். சிறுநீர்ப்பையைத் தூய்மையாகக் காக்கச் செய்தார். அடுத்துப் படுக்கையிலிருந்து எழுப்பி, வேலையும் விளையாட்டும் பழக்கினார். 1948 சூலை 29 அன்று இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. அதே நாளில் அவர்தம் மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்லெய்து போட்டியிட்டனர். அவ்விதையே வளர்ந்து 1960-இல் உரோமில் நடந்த முதல் பாராலிம்பிக் விழாவாயிற்று.

தமிழகத்திலும் அதற்கு நிகரான வரலாறு உண்டு. 1925-இல் கொச்சியில் பிறந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அறுவை மருத்துவராகும் கனவு அத்துடன் முடிந்ததென்றே பலரும் எண்ணியிருப்பர். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திவந்த பால் பிராண்டு, கை அறுவையை அமர்ந்தே செய்யலாம் என்று அவருக்கு வழிகாட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்தார். ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கான பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்டு ரசுக்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூருக்கே மீண்டார். அங்கு அத்துறையின் தலைமைப் பொறுப்பேற்றார். 1966-இல் பாகாயத்தில் நோயாளர் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. கால்கள் மீளவில்லை, வாழ்க்கை மீண்டது. மறுவாழ்வு என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த பொருள் கூறல் அரிது.

இனி, நரம்புக் காயம். கையில் அறுந்து தைக்கப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். முழங்கையருகே அறுந்த நரம்பு விரல்களை எட்டப் பல மாதங்கள் ஆகும். அம்மாதங்களில் விரல் மூட்டுகளை நாள்தோறும் மெல்ல மடக்கி நீட்டிவர வேண்டும். இல்லையேல் நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப்போயிருக்கும். வந்த நரம்பால் பயன் விளையாது. பயன் கண்ணுக்குத் தெரியாத காலத்திலும் பயிற்சியை விடாதிருத்தலே இங்கு மருந்து.

விளையாட்டுக் காயத்திலோ இடர் வேறு. அங்கே பொறுமையின்மையே பகை. முழங்காலின் முன் குறுக்கு நார் கிழிந்து அறுவை செய்துகொண்ட இளைஞர், நான்கு திங்களில் வலி நீங்கியதும் களம் இறங்க விழைவார். வலி நீங்குதல் வேறு, வலிமை மீளுதல் வேறு. ஒன்பது திங்களுக்கு முன்னர் ஆட்டத்திற்குத் திரும்புவோருக்கு மீண்டும் கிழியும் வாய்ப்பு மிகுதி. அடிபட்ட காலின் தொடைத்தசை மறுகாலுக்கு நிகரான வலிமை பெற்றதா என்று அளந்து பார்த்த பின்னரே களம் காண வேண்டும். இக்காயம் ஆண்களினும் பெண்களுக்கு மிகுதியாக நேர்வதால், விளையாடும் மகளிரைப் பெற்றோர் இதில் தனிக்கவனம் கொள்ளல் நன்று.

தண்டுவடக் காயமுற்றோரை வீட்டில் பேணும் முறை சிலவற்றை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். உணர்வற்ற தோல் அழுந்துவதை அறியாது. ஆதலால் படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுதலும், நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அடிக்கடி உடலை உயர்த்தி இருக்கையின் அழுத்தத்தை நீக்குதலும் இன்றியமையாதவை. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். சிவந்து மாறாத இடமே புண்ணின் தொடக்கம். குளிருக்கு இதமென்று வெந்நீர்ப்பையைக் காலில் வைத்தல் கூடாது. வெந்து கொப்புளித்தாலும் அவருக்குத் தெரியாது. மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ காயமுற்றவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் முகத்தில் வியர்வையும் தோன்றினால், குருதியழுத்தம் ஆபத்தான அளவு உயர்ந்திருக்கக் கூடும். உடனே நிமிர்த்தி அமர்த்தி, சிறுநீர்க்குழாய் மடங்கியுள்ளதா, பை நிரம்பியுள்ளதா என்று நோக்கி, மருத்துவ உதவி தேட வேண்டும். வாயிற்படியில் சாய்தளம் அமைப்போர் ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் கணக்கை மறவாதிருத்தல் நலம்.

இவையனைத்தினும் அரியதொரு கடமை உண்டு. அன்பின் மிகுதியால் தாய் சோறூட்டுகிறார். தந்தை தூக்கி அமர்த்துகிறார். உடன்பிறந்தார் சட்டைப் பொத்தானும் போட்டுவிடுகின்றனர். பயிற்சி நிலையத்தில் அரைமணி முயன்று தானே சட்டை அணியக் கற்றவர், வீட்டில் ஒரு திங்களில் அதை மறந்துவிடுகிறார். விருந்தினர் வரும்போது அவரை உள்ளறைக்கு மாற்றும் இல்லங்களும் உள்ளன. திருமணம், கோயில், கடைவீதி எங்கும் அவர் அழைக்கப்படுவதில்லை. தண்டுவடம் பறித்தது ஒரு பகுதியை. எஞ்சியதை உறவினரின் இரக்கம் பறித்துவிடுகிறது. அரைமணி ஆனாலும் அவரே சட்டை அணியட்டும் என்று கைகட்டிக் காத்திருப்பது ஊட்டிவிடுவதினும் கடினமான அன்பு. அதுவே அவருக்கு வேண்டிய அன்பு.

தென்காசியை அடுத்த ஆய்க்குடி இதற்குச் சான்று. 1975-இல் கடற்படை அலுவலர் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். இராமகிருட்டிணன், 1981-இல் அவ்வூரில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகலின் நினைவே அப்பெயர். பிறர் தாங்கிப் பேண வேண்டியவர் எனக் கருதப்பட்டவர், எண்ணற்ற பிள்ளைகளைத் தாங்குபவரானார். 2020-இல் அவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் இல்லத்திற்கே வருகின்றார். வசதிகள் உள்ளன, அவற்றை நாடும் தெளிவே வேண்டும். தெருவில், உறவில், சுற்றத்தில் படுக்கையோடு ஒதுங்கிய ஒருவரேனும் இருப்பர். அவர் நலம் வினவச் செல்வோர் பழத்துடன் திரும்பிவிடாமல், “பயிற்சிக்குச் செல்கிறாரா?” என்றும் கேட்கட்டும். அடுத்த விழாவிற்கு அவரையும் அழைத்து வரட்டும். அவர் நாற்காலி நுழையும் அளவிற்கு வாயிலும் அகலட்டும்.